நோய் பரவும் நேரத்தில் பயணம் போகலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிக்கெட் எடுத்து இரண்டு மாதமாகியிருக்கும். தங்கும் அறைக்கு முன்பணம் கட்டியாயிற்று, ஆபீஸில் லீவும் வாங்கியாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் போகிற ஊரில் ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வரும். குடும்ப வாட்ஸ்அப் குழு உடனே இரண்டு கட்சியாகப் பிரியும். "எல்லாம் டிவிக்காரன் கிளப்பி விடுறது" என்பவர்கள் ஒரு பக்கம். என்றைக்கோ எங்கேயோ எடுத்த ஆஸ்பத்திரி வீடியோவை அனுப்பிப் பயமுறுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். கடைசியில் முடிவு செய்வது டிக்கெட் பணம்தான். திரும்பக் கிடைக்கும் என்றால் ரத்து, கிடைக்காது என்றால் பயணம்.

இந்த வரிசையை மாற்றிப் போடத்தான் இந்த வழிகாட்டி. பணத்தைக் கடைசியில் பார்க்கலாம். போனால் எவ்வளவு போகும் என்று முன்பே தெரிந்த நஷ்டம் அது. தெரியாத நஷ்டங்களை முதலில் பார்ப்போம்: நோய் எந்த வழியாக வரும், வந்தால் யார் வரைக்கும் போகும், நடுவழியில் மாட்டிக்கொண்டால் சமாளிக்க முடியுமா. படிகளை வரிசையாகவே பாருங்கள். ஏதாவது ஒரு படியில் "வேண்டாம்" என்று தெளிவாகிவிட்டால் அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சர்க்கரை, இதய நோய், கர்ப்பம் என்று ஏற்கெனவே மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருப்பவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

படி 1: உங்களுக்கே உடம்பு சரியில்லையா?

காய்ச்சல், புதிதாக வந்த இருமல், வயிற்றுப்போக்கு, உடம்பில் கொப்புளம், இதில் ஏதாவது இருந்தால் பயணம் கிடையாது. பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. விமான நிலையத்து வெப்பமானியை ஏமாற்றலாம், பக்கத்து இருக்கைக்காரரின் நுரையீரலை ஏமாற்ற முடியாது.

அம்மை போட்டிருக்கும் வீட்டில் வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் விருந்தாளி உள்ளே வரமாட்டார், வீட்டில் இருப்பவர்களும் வெளியூர் கிளம்பமாட்டார்கள். காரணமாக எதைச் சொன்னாலும் செய்தது சரியான காரியம். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரவும். எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டும்வரை ஓயாது. வீட்டில் ஒருவருக்கு வந்தால், இதற்கு முன் வராத, தடுப்பூசியும் போடாத மற்றவர்களும் 21 நாள் வரை சந்தேகத்துக்கு உரியவர்கள்தான்.

படி 2: அந்த நோய் எந்த வழியாக வரும்?

முடிவில் பாதி இந்தப் படியிலேயே வந்துவிடும். "அங்கே நோய் இருக்கிறதாமே" என்பதோடு நிறுத்திக்கொண்டால், போகக்கூடிய பயணத்தை ரத்து செய்துவிட்டு, போகக்கூடாத பயணத்துக்குக் கிளம்பிவிடுவோம்.

கொசு வழியாக வருவதை முதலில் எடுத்துக்கொள்வோம். டெங்கு, சிக்குன்குன்யா, ஜிகா மூன்றையும் பரப்புவது ஏடிஸ் கொசு. பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் தும்முகிறவரால் டெங்கு வராது. தங்கும் விடுதியில் மொட்டைமாடித் தொட்டி மூடாமல் கிடந்தால் வரும். எனவே கூட்டத்துக்குப் பயந்து இந்தப் பயணங்களை ரத்து செய்வதில் அர்த்தமில்லை. இலங்கையில் 2017-இல் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 1,86,000 பேருக்கு டெங்கு பதிவானது. அதிகம் பாதிக்கப்பட்டது கொழும்பை உள்ளடக்கிய மேல் மாகாணம். அப்படிப்பட்ட ஆண்டில்கூடக் கேட்க வேண்டியது, நாட்டுக்குள் போகலாமா என்பதைவிட, எந்த மாகாணத்தில், எந்தப் பருவத்தில், எப்படிப்பட்ட இடத்தில் தங்கப்போகிறோம் என்பதைத்தான். ஏடிஸ் பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகமாக. ராத்திரிக்குக் கொசுவலை கட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முழுக்கை சட்டை, டீட் அல்லது பிகாரிடின் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த பூச்சு, ஜன்னலில் வலை உள்ள அறை, இவை பகலுக்கும் வேண்டும்.

இதிலும் இரண்டு விதிவிலக்கு. ஏற்கெனவே டெங்கு வந்தவர்களுக்கு வேறு வகை வைரஸால் இரண்டாவது முறை வந்தால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். ஜிகா பரவும் இடத்துக்குக் கர்ப்பிணிகள் போகவே கூடாது. வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2021 ஜூலையில் கேரளத்தில் முதலில் ஜிகா கண்டறியப்பட்டது, குமரி மாவட்ட எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கத்துக் கர்ப்பிணி ஒருவருக்குத்தான். ஜிகா உடலுறவு வழியாகவும் பரவும். அங்கே போய்வந்த ஆண்கள் 3 மாதம், பெண்கள் 2 மாதம் பாதுகாப்போடு இருக்க வேண்டும், கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். புதுமணத் தம்பதிக்கு இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்தது தண்ணீர். 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, சிலருக்குக் காலரா என்று உறுதியானதும் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். திருநள்ளாறு சனீஸ்வரன் கோயில் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. இப்படி ஒரு நேரத்தில் பரிகாரத்துக்குப் போக வேண்டியிருந்தால், காலையில் போய்த் தரிசனம் முடித்து, கொண்டுபோன தண்ணீரைக் குடித்து, கட்டிக்கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். ஆபத்து கூட்டத்தில் அவ்வளவாக இல்லை, கையிலும் வாயிலும்தான். பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர்கள்கூட மூன்று இடத்தில் கோட்டை விடுவார்கள்: கரும்புச்சாற்று ஐஸ், ஹோட்டலில் தண்ணீர் ஊற்றி நீட்டிய சட்னி, நீர்மோர்ப் பந்தல். பல் துலக்கும் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலைக்கும் இதே கணக்குதான்.

காற்று வழியாக வருபவைதான் உண்மையில் பயணத்தையே தள்ளிப்போட வைப்பவை. ஃப்ளூ, கோவிட், தட்டம்மை. தட்டம்மைக்காரர் ஓர் அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் வைரஸ் இருக்கும். இந்த நோய்களில் நீங்கள் எவ்வளவு ஜாக்கிரதைக்காரர் என்பதைவிட, எத்தனை பேரோடு, எவ்வளவு மூடிய இடத்தில், எவ்வளவு நேரம் இருக்கப்போகிறீர்கள் என்பதே முக்கியம். ஏசி மண்டபத்தில் மூன்று மணி நேர வரவேற்பும், திறந்த மைதானத்தில் அரை மணி நேரச் சந்திப்பும் ஒன்றாகாது.

நாலாவது, நெருங்கிய தொடுதலால் வருபவை: நிபா, எபோலா, குரங்கம்மை. பேரைக் கேட்டாலே நடுக்கம் வரும் நோய்கள் இவைதான், ஆனால் சாதாரணப் பயணிக்கு வரும் வாய்ப்பு பல நேரம் குறைவாக இருப்பதும் இவைதான். 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நிபாவால் 17 பேர் உயிரிழந்தார்கள். அது பரவிய விதத்தைப் பார்த்தால், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்: நோயாளியைக் கவனித்துக்கொண்ட உறவினர்கள், செவிலியர், அதே வார்டிலும் வராந்தாவிலும் இருந்தவர்கள். 2023 செப்டம்பரில் மறுபடி வந்தபோது கோழிக்கோடு மாவட்டத்தின் குறிப்பிட்ட ஊராட்சிகளில் வார்டு வார்டாகக் கட்டுப்பாடு போட்டார்கள். அந்த வாரம் ஆலப்புழையில் படகு ஏறப் போகிறவரும், கோழிக்கோட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கும் சித்தப்பாவுக்குத் துணையிருக்கப் போகிறவரும் ஒரே மாநிலத்துக்குத்தான் போகிறார்கள். ஆனால் இரண்டாமவருக்குத்தான் உண்மையான ஆபத்து. பயந்து ரத்து செய்பவரோ முதலாமவர். நிபா வைரஸ் வௌவாலிடமிருந்து வருவது, எனவே அந்த நேரத்தில் வௌவால் கடித்துப் போட்ட பழமும், திறந்த பானையில் இறக்கிய கள்ளும் பதநீரும் வேண்டவே வேண்டாம்.

படி 3: செய்தியைச் சரியாகப் படிப்பது

"கேரளாவில்", "இலங்கையில்", "ஆப்பிரிக்காவில்" என்று வரும் தலைப்புகளால் உங்களுக்குப் பிரயோஜனம் கிடையாது. மாவட்டம் தெரிய வேண்டும், முடிந்தால் வட்டம், ஊராட்சி வரைக்கும். தமிழ்நாட்டில் 104-க்கு அழைத்துக் கேட்கலாம், கேரளத்தில் 1056. மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் எந்த மாவட்டத்தில் என்ன நோய் கிளம்பியிருக்கிறது என்று வாராந்திர அறிக்கை வெளியிடுகிறது. இலங்கைக்கு அங்குள்ள தொற்றுநோயியல் பிரிவின் வார அறிக்கை இருக்கிறது. வெளிநாடு என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பரவல் செய்திகளும், நீங்கள் போகிற நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவிப்புகளும். இவற்றைப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

உலக சுகாதார நிறுவனம் "சர்வதேச அவசரநிலை" அறிவித்துவிட்டது என்றால் போகக்கூடாது என்று அர்த்தமா? இல்லை. போலியோவுக்கு 2014-இல் அறிவித்த அவசரநிலை பல ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. அதற்காக உலகம் பயணத்தை நிறுத்தவில்லை. குரங்கம்மைக்கு 2022 ஜூலையிலும் 2024 ஆகஸ்டிலும் அறிவித்தார்கள். நாடுகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்கான மணி அது. உங்கள் டிக்கெட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

எண்ணிக்கையைப் பார்க்கும்போது மொத்தத்தை விடுங்கள். கடந்த இரண்டு மூன்று வாரத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். இன்று தொற்றியவருக்கு அறிகுறி வந்து, அவர் பரிசோதனைக்குப் போய், முடிவு வந்து, கணக்கில் ஏற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் ஏறிக்கொண்டிருக்கும் வாரத்தில் உண்மை நிலவரம் பேப்பரில் இருப்பதைவிட மோசமாகத்தான் இருக்கும். அப்புறம் ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ்கள் வாசலில் வரிசையில் நின்றன. அப்படியொரு நேரத்தில் ஒரு சாதாரண விபத்துக்கோ நெஞ்சுவலிக்கோகூட அந்த ஊரில் இடம் கிடைக்காது.

"மர்மக் காய்ச்சல்" என்று செய்தி வந்தால் என் அபிப்பிராயம் தெளிவு: தள்ளிப்போடக்கூடிய பயணமாக இருந்தால் காரணம் தெரியும்வரை தள்ளிப்போடுங்கள். பல நேரம் அது டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்று பிறகு தெரியவரும். ஆனால் எந்த வழியாக வருகிறது என்றே தெரியாதபோது மேலே சொன்ன இரண்டாம் படியையே உங்களால் போட முடியாது.

படி 4: யார் போகிறார்கள், திரும்பி யாரிடம் வருகிறார்கள்?

பயணத்தைப் பற்றி யோசிக்கும்போது போகிறவரின் உடம்பைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். நாற்பது வயது, ஆரோக்கியம், தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, எனவே போகலாம் என்று. அந்த ஆள் திரும்பி வரும் வீட்டில் எண்பது வயது அப்பா, கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் அக்கா, ஆறு மாதக் குழந்தை இருந்தால்? இந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்க வேண்டும்.

2020 ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு சந்தையில் நடந்ததை நினைவுபடுத்திப் பாருங்கள். வியாபாரிகளும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் நிறைந்த இடம். கோவிட் தொற்று பரவியதும் மே 5-இல் சந்தையை மூடினார்கள். அதற்குள் வேலை போனவர்கள், பயந்தவர்கள் லாரியிலும் கிடைத்த வண்டியிலும் சொந்த ஊர் திரும்பியிருந்தார்கள். அதுவரை ஓரளவு அமைதியாக இருந்த அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் சில நாட்களில் எண்ணிக்கை சரசரவென்று ஏறியது. திரும்பியவர்களில் பெரும்பாலோர் திடகாத்திரமான உழைப்பாளிகள். பலருக்கு அறிகுறியே இல்லை. அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கையில் காசில்லாமல் சென்னையில் எங்கே கிடப்பார்கள்? ஆனால் நோய் எப்படிப் பயணம் செய்கிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் நமக்கு இல்லை.

ஆகவே இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று, பயணத்தில் வருகிறவர்கள். இன்னொன்று, திரும்பி வந்த முதல் பத்து நாளில் நீங்கள் ஒரே அறையில் இருக்கப்போகிறவர்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் எந்தப் பட்டியலில் இருந்தாலும் சமம்தான். தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணையை நம் நாட்டில் 9 மாதம் முடிந்ததும்தான் போடுகிறார்கள். தட்டம்மை பரவும் இடத்துக்கு அதைவிடச் சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும் என்றால், 6 மாதம் ஆகியிருக்கிற குழந்தைக்கு முன்கூட்டி ஒரு தவணை போடலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கமான தவணைகள் அதற்குப் பிறகும் உண்டு.

திரும்பியதும் சில நாள் தனி அறையில், தனிக் கழிப்பறையோடு இருக்க வழி உண்டா? உண்டு என்றால் இந்தப் படியின் பாரம் பாதியாகக் குறையும். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் என்றால் குறையாது.

படி 5: எதற்காகப் போகிறோம்?

சுற்றுலா என்றால் கேள்வியே சுலபம்: கொடைக்கானல் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். சிகிச்சைக்குப் போவதும் ஒரு வகையில் சுலபம். அறுவை சிகிச்சையையும் கீமோவையும் நோய்ப் பரவலுக்குப் பயந்து தானாகத் தள்ளிப்போடக்கூடாது, மருத்துவரே தேதியைச் சொல்லட்டும். தேர்வு, விசா நேர்காணல், வேலையில் சேர்வது ஆகியவற்றில் முதலில் தேதி மாற்றக் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பல இடங்களில் மாற்றித் தருகிறார்கள், கேட்காமலே போய் நிற்கிறவர்கள்தான் அதிகம்.

கோயில் பயணத்தைப் பற்றி நானாக எதுவும் சொல்லப்போவதில்லை. மதுரையில் 2020-இல் சித்திரைத் திருவிழாவே நின்றது. மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் நடத்த, ஊர் அதை இணையத்தில் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டது. மீனாட்சிக்கே தள்ளி நின்று கல்யாணம் நடந்ததென்றால், நேர்த்திக்கடனுக்கு அடுத்த வருடம் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன்.

கஷ்டமானது கல்யாணமும் சாவும். இங்கே நோயைவிடப் பெரிய பயம் "வரலைன்னா என்ன நினைப்பாங்க" என்பது. கல்யாணத்துக்கு ஒரு வழி இருக்கிறது: ஐந்து பேர் போவதற்குப் பதில் குடும்பத்தின் சார்பில் ஒருவர். அவர் இளையவராக, உடம்பு நன்றாக இருப்பவராக, திரும்பியதும் தனியே இருக்கக்கூடியவராக இருக்கட்டும். முகூர்த்தத்துக்கு நின்று, மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் கிளம்பலாம். போக முடியாவிட்டால் அதை ஒரு வாரம் முன்பே, ஃபோனில், மாமாவிடமோ அத்தையிடமோ நேராகச் சொல்லிவிட வேண்டும். "அப்பாவுக்கு நுரையீரல் பலவீனம், டாக்டர் கூட்டத்துக்குப் போகக்கூடாதுன்னு சொல்லிட்டார், கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு மாப்பிள்ளை பொண்ணை நம்ம வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிட்டு வாங்க" என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள் குறைவு. கடைசி நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு வருத்தச் செய்தி அனுப்பினால்தான் மனம் கசக்கும்.

பெற்றவர் இறந்தால் போகாதே என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். தூரத்து உறவு என்றால் துக்கத்தன்று கூடும் கூட்டத்தைத் தவிர்த்து, காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் போய் விசாரித்துவிட்டு வரலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: எபோலா பரவும் நாட்டில் இறந்தவர் உடலைத் தொடும் சடங்கில் கலந்துகொள்ளக்கூடாது. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த நோய் பரவிய முக்கிய வழிகளில் ஒன்று சாவு வீட்டுச் சடங்குகள். நிபாவால் இறந்தவர் உடலுக்கும் இதே தடை உண்டு.

படி 6: மாட்டிக்கொண்டால்?

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்தது, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. இடையில் நான்கு மணி நேரம். ரயில் அதற்கு முன்பே நின்றிருந்தது. உள்நாட்டு விமானம் மறுபடி பறந்தது மே 25-இல்தான். வெளிநாட்டில் இருந்தவர்களை அழைத்துவர அரசு ஏற்பாடு செய்த 'வந்தே பாரத்' விமானங்கள் மே 7-இல் தொடங்கின. அவற்றுக்கும் டிக்கெட் பணம் உண்டு, இறங்கியதும் தனிமைப்படுத்தலும் உண்டு. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் சுற்றுலாக் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள், 712 பேருக்குக் கோவிட் தொற்றியது. இறங்கவும் முடியாது, இருக்கவும் முடியாது.

அவ்வளவு தூரம் எல்லா நோயும் போகாது. ஆனால் "இரண்டு வாரம் கூடுதலாக அங்கேயே இருக்க நேர்ந்தால்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் வேண்டும். தங்க உறவினர் வீடு உண்டா, விடுதிச் செலவு தாங்குமா, தினசரி மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கிறதா, இன்சுலின் அங்கே கிடைக்குமா, வேலை வீட்டிலிருந்து செய்ய முடியுமா, இங்கே குழந்தைகளை யார் பார்ப்பார்கள். வளைகுடாவில் வேலை செய்பவர்கள் லீவில் ஊருக்கு வரும்போது இகாமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை), விசா காலாவதித் தேதியையும் கணக்கில் வையுங்கள். திரும்பிப் போக முடியாமல் வேலையை இழந்தவர்கள் 2020-இல் ஏராளம். மொழி தெரியாத நாட்டில் தனியாகக் காய்ச்சலோடு படுத்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள் என்பதும் இந்தப் படியில்தான் வரும்.

பயணக் காப்பீட்டை நம்பி இந்தப் படியைத் தாண்டாதீர்கள். நோய்ப் பரவல் ஊரறிந்த செய்தியான பிறகு எடுத்த பாலிசி, அதே நோயைக் காரணம் காட்டி ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் தராது. பயந்து ரத்து செய்வதை எந்த நோய்க்கும் பொதுவாக ஏற்பதில்லை. போக வேண்டாம் என்று அரசே சொன்ன நாட்டுக்குப் போய் நோயில் விழுந்தால் மருத்துவச் செலவும் கைவிட்டுப் போகலாம். விலக்குகள் பகுதியைத் தேடிப்பிடித்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 7: எதில் போவது?

இது காற்றில் பரவும் நோய்க்கு மட்டும். சொந்தக் கார் முதலிடம், ஜன்னல் திறந்த ரயில் பெட்டி அடுத்தது. விமானத்தில் பறக்கும்போது காற்று அடிக்கடி மாறுகிறது, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டி வழியாகவும் போய் வருகிறது. ஆபத்து அதிகம் வரிசையிலும், ஏறி உட்கார்ந்து கதவு மூடிக் காத்திருக்கும் நேரத்திலும். எனக்குப் பிடிக்காதது ஏசி ஸ்லீப்பர் பஸ்தான்: திறக்காத ஜன்னல், ராத்திரி முழுக்க ஒரே காற்று, மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தூங்கும் முப்பது பேர். வேறு வழியில்லை என்றால் என்95 மாஸ்க், மூக்குப் பக்கம் இடைவெளி இல்லாமல்.

படி 8: முடிவுக்கு ஒரு கடைசித் தேதி

இப்போது பணத்துக்கு வரலாம். ரத்துக் கட்டணம் எந்தத் தேதியில் ஏறுகிறது என்று ரயில், விமானம், விடுதி மூன்றுக்கும் பார்த்து, அதில் முதலாவதாக வரும் தேதிக்கு முந்தைய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ராத்திரி முடிவு, அதற்கு முன் தினமும் விவாதம் வேண்டாம். ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும், விமான நிறுவனமே ரத்து செய்தாலும் அப்படித்தான். 2020-இல் பல விமான நிறுவனங்கள் பணத்துக்குப் பதில் வேறொரு நாள் பறக்கக் கடன்குறிப்பு கொடுத்தன; உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபர் 1-இல் பணத்தைத் திருப்பித் தர வழி செய்து உத்தரவிட்டது. ஆகவே பெரிய அளவில் தடை வரும்போல் தெரிந்தால், நீங்களாக முந்திக்கொண்டு ரத்து செய்யாமல் கடைசித் தேதி வரை பொறுப்பது லாபம்.

கடைசித் தேதிக்கு முன்பே ரத்து செய்ய வேண்டிய நிபந்தனைகளை இப்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள். உதாரணமாக: போகிற மாவட்டத்தில் இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், திரும்பி வருபவர்களுக்குத் தனிமைப்படுத்தல் அறிவித்தால். மனம் அமைதியாக இருக்கும்போது எழுதியது, பெட்டி கட்டிய பிறகு வரும் ஆசையைவிட நம்பத்தக்கது.

படி 9: போவது என்று முடிவானால்

தடுப்பூசிகளுக்கு நாள் கணக்கு உண்டு. ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்ய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். கென்யா, உகாண்டா, பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ஒரு தவணை. போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் குறைந்தது 10 நாள் முன்னதாக.

பையில் வெப்பமானி, பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், சோப்பு, மாஸ்க், கொசுப் பூச்சு, மாத்திரைச் சீட்டின் நகல். ஓ.ஆர்.எஸ்ஸை பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். டம்ளரில் கொட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும் பழக்கம் வேண்டாம்.

படி 10: திரும்பிய பிறகு

பயணம் வீடு வந்ததும் முடிவதில்லை. ஃப்ளூ 1 முதல் 4 நாளில் தெரிந்துவிடும். காலரா சில மணி நேரத்திலிருந்து 5 நாளுக்குள். டெங்கு பெரும்பாலும் 4 முதல் 10 நாளில், நிபா பொதுவாக 4 முதல் 14 நாளில். தட்டம்மை, எபோலா, குரங்கம்மைக்கு 21 நாள் வரை பொறுத்திருக்க வேண்டும். மலேரியா உள்ள இடத்திலிருந்து வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் கழித்தும் காய்ச்சல் வரலாம்; அப்போது ரத்தப் பரிசோதனையில் மலேரியாவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் விட்டதும் "சரியாயிடுச்சு" என்று எழுந்து வேலைக்குப் போகிறார்கள். ஆபத்துக் கட்டம் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, அளவுக்கு மீறிய சோர்வு, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

நிபா, எபோலா, தட்டம்மை பரவிய இடத்திலிருந்து திரும்பிக் காய்ச்சல் கண்டால், நேரே புறநோயாளிகள் வரிசையில் போய் நிற்காதீர்கள். முதலில் 104-க்கோ அந்த ஆஸ்பத்திரிக்கோ ஃபோன் செய்து, எங்கே வரட்டும் என்று கேட்டுவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஏறாமல் போங்கள். உட்கார்ந்ததும் மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்ல வேண்டியவை: எந்த ஊர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அங்கே காய்ச்சல்காரர் யாரையாவது பார்த்தீர்களா, என்ன தடுப்பூசி எப்போது போட்டீர்கள், கூட வந்தவர்களில் வேறு யாருக்காவது இதே தொந்தரவு இருக்கிறதா.